பிறக்காதவளுக்கு மருந்தில்லை

ஊர் முழுக்க மின்சாரம் போய் வந்ததில் வீட்டு மருந்துப்பெட்டியின் கடிகாரம் 1970 ஜனவரி ஒன்றுக்குப் போய்விட்டது. பெட்டியைத் திறக்க எழிலரசி வழக்கம்போல மகள் யாழினியின் விரலை அதில் வைத்தாள்.

"நோயாளி இன்னும் பிறக்கவில்லை," என்றது பெட்டி. கண்ணாடிக்குப் பின்னால் இன்சுலின் தெரிந்தது. உடைத்தால் பெட்டி அதைக் கொட்டிவிடும்.

"நெட்ல கேட்டு நேரத்த மாத்திக்கயேன்."

"நேரம் சொல்லும் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் 1970-ல் இன்னும் வழங்கப்படவே இல்லை. அதை நம்ப முடியாது."

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள்.

"இங்கயும் அதே பெட்டிதாங்க்கா," என்றாள் நர்ஸ். "வார்டுல ஒருத்தரும் இன்னும் பொறக்கலயாம்."

சர்க்கரை ஏறி யாழினியின் மூச்சில் பழ வாடை அடித்தது. எத்தனையாவது செம்புத் தண்ணீரோ, குடித்துவிட்டு அம்மாவின் மடியில் சாய்ந்தாள்.

"நான் பொறக்க ரொம்ப நாளாகுமாம்மா?"