மீனுக்குப் பசி

கிசுமு வானொலியில், ஏரியில் கூண்டு போட்டு மீன் வளர்ப்போருக்கான நிகழ்ச்சி. அறிவிப்பாளர் ரிஸ்பா, ஒரு நேயரின் குறுஞ்செய்தியை வாசித்தாள்.

“எங்க மீனெல்லாம் விடியக்காலையில மேல வந்து வாயைப் பொளக்குது. வீட்டுக்காரர்கிட்ட சொன்னா, ‘பசிக்குது, இன்னும் தீனி போடு’ங்கிறார். போடலாமா?”

மீன் நிபுணர் ஒக்வேனோ வாய்விட்டுச் சிரித்தார்.

“உங்க வீட்டுக்காரர் மண்டையில என்னம்மா, களிமண்ணா இருக்கு? அது பசி இல்ல, மூச்சுத் திணறல்! தின்னாம விட்ட தீனி அடியில அழுகி, தண்ணியில இருக்கிற ஆக்ஸிஜனையெல்லாம் குடிச்சிடும். முதல்ல தீனியை நிறுத்துங்க. கூண்டை அலையடிக்கிற ஆழத்துக்கு இழுத்துட்டுப் போங்க. இவரை மாதிரி ஆளுங்களாலதான் ஏரியே சாகுது! யாரு அந்த மேதாவி?”

ரிஸ்பா தயங்கினாள்.

“மிச்சத்தையும் படிச்சிடறேன் சார். ‘நேத்தும் கேட்டேன். ரேடியோவுல பேசத் தயார் பண்றேன், தொந்தரவு பண்ணாதேன்னு விரட்டிட்டீங்க. அதான் இங்க கேக்கறேன். இப்படிக்கு, உங்க மனைவி அகேயோ.’”

ஒக்வேனோ தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அகேயோ, தீனி டப்பாவை மூடி வை. நேயர்களே, மன்னிக்கணும். களிமண் மண்டை கூண்டை இழுக்கக் கிளம்புது.”