பதினோராவது உறுப்பு

"கையை எடு வாண்டா! அந்தத் துப்பாக்கியை நான் பிரிச்சுப் பாக்கணும்!"

வெர்லின் போட்ட சத்தத்தில், காபிக் கோப்பையோடு நின்றிருந்த துப்பாக்கி சுடும் கிளப் உறுப்பினர்கள் எல்லாரும் மேஜையைச் சுற்றிக் கூடிவிட்டார்கள்.

டென்னசியின் அந்தச் சின்ன ஊரில் துப்பாக்கி பழுதுபார்க்கும் கடை வெர்லினுடையது ஒன்றுதான். ஆனால், மூன்று வருடமாகச் சுடும் போட்டியில் கோப்பையைத் தட்டிக்கொண்டு போவது பள்ளிப் பேருந்து ஓட்டும் வாண்டா. வெர்லினுடைய வயிற்றெரிச்சல் ஊருக்கே தெரியும்.

"என்னப்பா பிரச்சினை?" என்றார் கிளப் தலைவர் ஹோமர்.

"இவ புதுசா கொண்டு வந்திருக்கிறது ருமேனியாத் துப்பாக்கி. வந்தபடியே இருந்தா நான் ஏன் வாயைத் திறக்கப்போறேன்? கைப்பிடியை மாத்தியிருக்காங்க. மாத்திட்டா சட்டம் குறுக்கே வரும். சட்டத்தோட பட்டியல்ல துப்பாக்கியோட இருபது உறுப்பு. அதுல பத்துக்கு மேல வெளிநாட்டு உறுப்பு இருக்கக்கூடாது."

"தாராளமா எண்ணிக்கோ" என்று பன்றிக்கறி வைத்த பிஸ்கட் ரொட்டியைக் கடித்தாள் வாண்டா.

வெர்லின் ஒவ்வொன்றாகக் கழற்றி, எந்த நாட்டு முத்திரை என்று பார்த்துப் பார்த்து மேஜையில் பரப்பினான்.

"கைப்பிடியைப் பொருத்தியிருக்கிற லட்சணத்தைப் பாருங்க! இதைச் சேர்த்தவன் டிராக்டர் மெக்கானிக்கா?"

"என் டிராக்டரைக்கூட அவன்கிட்ட விடமாட்டேன்" என்றாள் அவள்.

எண்ணி முடித்ததும் வெர்லினின் முகம் சுருங்கியது. "வெளிநாட்டுது ஒன்பதுதான்."

"அப்போ சரியாத்தானே இருக்கு? போட்டியை ஆரம்பிப்போமா?" என்றார் ஹோமர்.

"இருங்க ஹோமர்" என்று தடுத்தாள் வாண்டா. "அவசரத்துல, துப்பாக்கியில மாட்டுற தோட்டாப் பெட்டியை ஒண்ணுன்னு எண்ணிட்டான். பட்டியல்ல அது மூணு. கூடு, தோட்டாவை மேல தள்ளுற தட்டு, அடித்தட்டு. மூணுமே ருமேனியாதான்."

கூட்டம் திகைத்தது. வெர்லின் துள்ளினான்.

"பதினொண்ணு! தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டா!"

"இன்னைக்கு நீ இதை வச்சு சுட முடியாதேம்மா" என்றார் ஹோமர் வருத்தத்தோடு.

"பரவாயில்ல. தண்டனை எனக்கா?"

"வச்சிருக்கிறவங்களுக்கு இல்ல" என்றான் வெர்லின், பெரிய மனதோடு. "சட்டம் பிடிக்கிறது உறுப்புகளைச் சேர்த்துப் பூட்டினவனைத்தான். நீயா சேர்த்தே?"

"நான் இல்லப்பா. போன மாசம் வாங்கினதுதான்."

"அப்போ யாரு? நம்ம கிளப் ஆளா?"

வாண்டா தயங்கினாள். "நம்ம ஆளுதான். வேண்டாம், விட்டுடு. பாவம், பிழைச்சுப் போகட்டும்."

"அதெப்படி விட முடியும்? அந்த மாதிரி ஆளுக்கு இந்த கிளப்புல இடமே கிடையாது! ஹோமர், புகார்ப் படிவத்தைக் கொடுங்க. நானே எழுதுறேன்."

குற்றத்தை விலாவாரியாக எழுதினான். அடியில் அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டான். ஹோமரைச் சாட்சிக் கையெழுத்தும் போடவைத்தான். பெயர் எழுதும் இடம் மட்டும் காலியாக இருந்தது.

"ம்... பேரைச் சொல்லு."

"கட்டாயப்படுத்தறே. அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது."

"சொல்லும்மா!"

வாண்டா சட்டைப் பையிலிருந்து ஒரு மஞ்சள் காகிதத்தை எடுத்துப் பிரித்து, படிவத்தின் மேல் வைத்து நீவிவிட்டாள்.

"இந்தத் துப்பாக்கி செத்துப்போன ஹாலிஸோடது; அவன் பெண்டாட்டி விக்கும்போது இதையும் சேர்த்துக் கொடுத்தா. ஆறு வருஷத்துக்கு முன்னாடி அவனுக்குத் துப்பாக்கியைச் சேர்த்துப் பூட்டிக் கொடுத்ததுக்குக் கடையில போட்ட ரசீது. எழுத்துப்பிழை இல்லாம எழுது வெர்லின்... உன் பேருதான்."