முனை பொருந்தியும் ஏறாத மின்சாரம்

மின்னேற்றியின் திரையில் மாலை வெயில் பட்டுக் கண் கூசுகிறது. அப்பா நான்காம் முறையாகக் கேபிளைக் காரில் செருகுகிறார். புதிதாக வாங்கிய அடாப்டர் முனையின் வடிவத்தை மட்டும்தான் பொருத்துகிறது. மின்சாரம் பாயுமுன் எவ்வளவு வேண்டுமென்று மின்னேற்றி கேட்க வேண்டும், கார் பதில் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் மொழி வேறு. 'கிளக்' என்று பூட்டிக்கொள்கிறது, சற்று முனகுகிறது, விட்டுவிடுகிறது. மணி ஐந்து. விமான நிலையம் அறுபது கிலோமீட்டர். பேட்டரி இருபது கிலோமீட்டர்தான் தாங்கும். வெளிநாடு கிளம்பும் மகள் அங்கிருந்து போனில் கூப்பிடுகிறாள். "எங்கப்பா இருக்கீங்க? ஆறு மணிக்கு உள்ள போயிடுவேன், அப்புறம் ரெண்டு வருஷம் கழிச்சுத்தான்." "சார்ஜ் ஏறிக்கிட்டிருக்கும்மா." "உங்க வண்டி சாப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள நான் கிழவியாயிடுவேன்." அவர் சிரிக்கிறார். கேபிளைக் கழற்றி அதன் கொக்கியில் மெல்ல மாட்டுகிறார். "உள்ள போற வரைக்கும் பேசிக்கிட்டே இரும்மா" என்கிறார்.