ரேகை பதியாத கை

இப்படி ஓர் ஆளே இல்லை என்று மிஷின் சொல்லிவிட்டது.

ஆள் என் பக்கத்தில்தான் நின்றார். ஆறடி உயரம். நிற்கத் தெம்பில்லாமல் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார், அது வேறு விஷயம்.

"அடுத்த விரல் வைங்க ஐயா," என்றாள் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பதிவுப் பெண்.

வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. மிஷினுக்குள் இருந்த ஒருத்தி தேன் ஒழுகும் குரலில் "மீண்டும் முயற்சிக்கவும்" என்றாள்.

என் வீட்டுக்காரரிடம் அத்தனை பொறுமையாகப் பேசிய முதல் பெண்பிள்ளை அவள்தான்.

அவர் பைக் மெக்கானிக். கழற்றிய சாமான்களைக் கிண்ணத்தில் பெட்ரோல் ஊற்றிக் கழுவுவார். அதே கிண்ணத்தில் கையையும் கழுவுவார். கேட்டால், சோப்புக்குக் கிரீஸ் போகாதாம். சொன்னால் காதில் ஏறினால்தானே?

நேற்று ஷெட்டில் தலை சுற்றி விழுந்துவிட்டார். எங்கும் இடிக்காமலே உடம்பெல்லாம் நீலம் நீலமாகக் கன்றிப்போயிருந்தது. தெருமுனை டாக்டர் ரத்தத்தைப் பரிசோதித்துப் பார்த்துவிட்டு, பெட்ரோல் ரத்தத்தையே கெடுத்திருக்கும் போலிருக்கிறது, ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதே, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடு என்று விரட்டினார்.

பெரிய ஆஸ்பத்திரியிலோ ரேகை பதிந்தால்தான் சீட்டு. சீட்டு இருந்தால்தான் டாக்டர்.

பத்து விரலும் ஆயிற்று. வரிசையில் நின்றவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருத்தர் விரலில் ஊதச் சொன்னார். ஒருத்தர் உதறச் சொன்னார். பின்னால் நின்ற பெரியவர், விரலைத் தலைமுடியில் தேய்த்தால் கட்டாயம் பதியும் என்று அடித்துச் சொன்னார்.

தேய்க்க இவர் தலையில் முடி ஏது? பெரியவர் பெருந்தன்மையோடு தன் தலையைக் குனிந்து நீட்டினார். இவரும் வெட்கமே இல்லாமல் தேய்த்தார்.

"மீண்டும் முயற்சிக்கவும்."

"கையில அழுக்கு இருக்குது போல. நல்லா சுத்தமா கழுவிட்டு வாங்க," என்றாள் பதிவுப் பெண்.

தலையை ஆட்டிவிட்டு வெளியே போனார். குழாயடிக்குத்தான் போகிறார் என்று நினைத்து, நான் எங்கள் இடத்தை விடாமல் நின்றேன்.

அவருக்கு முன்னால் அந்த வாடை வந்தது. அதற்குப் பின்னால் அவர் வந்தார். அவருக்குப் பின்னால் மூக்கைப் பொத்திக்கொண்டு காவலாளி ஓடி வந்தான்.

வாசலில் நின்ற எங்கள் பைக்கிலிருந்து பெட்ரோல் டியூபைப் பிடுங்கி, வடிந்த பெட்ரோலிலேயே முழங்கை வரை கழுவிவிட்டு வந்திருக்கிறார் மனுஷன்!

வரிசை சிதறியது. ஆஸ்பத்திரியைக் கொளுத்த ஆள் வந்துவிட்டான் என்று ஒருத்தர் கத்தினார். தலை கொடுத்த பெரியவர், தன் தலையிலும் அந்த வாடை ஒட்டியிருக்குமோ என்று முகர்ந்து பார்க்க முடியாமல் தவித்தார். இவர் மட்டும் இரண்டு கைகளையும் மாப்பிள்ளைத் தோரணையில் நீட்டிக்கொண்டு வந்தார்.

"இதுக்கு மேல சுத்தம் எங்க இருக்கு? பாருங்க!"

விரலை வைத்தார். சிவப்பு.

பதிவுப் பெண் கண்ணாடி ஓட்டை வழியாக அவர் விரலை இழுத்து விளக்கில் காட்டிப் பார்த்தாள். உள்ளங்கை பாளம் பாளமாக வெடித்திருந்தது. விரல் நுனி மட்டும் வழவழவென்று மின்னியது. ரேகை தேய்ந்தே போய்விட்டது என்றாள்.

எனக்கு எங்கிருந்துதான் அத்தனை ஆத்திரம் வந்ததோ! நாலு பேர் பார்க்கிறார்கள் என்றுகூட நினைக்கவில்லை. ஷெட்டில் பெட்ரோலில் கை கழுவாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேனே, உங்கள் பிடிவாதத்துக்கு உயிரையே கொடுக்கப் போகிறீர்களே என்று கத்தித் தீர்த்தேன். கத்திக்கொண்டிருக்கும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவர்கள் திருப்பி அனுப்பிவிட்டால் இவர் செத்துப்போய்விடுவார் என்று பயமாக இருந்தது. அவர் கவுண்டரைப் பிடித்தபடி, என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பதிவுப் பெண்ணுக்கு மனசு கேட்கவில்லை.

"அழாதீங்கம்மா. கூட வந்தவங்க ரேகை இருந்தாலும் சீட்டுப் போடலாம். நீங்க வைங்க."

அப்பாடா! கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை ஒரு முறை முறைத்தேன். இந்தக் குடும்பத்தில் ஒழுங்காக இருப்பது நான் ஒருத்திதான் என்பதை மிஷினாவது அவருக்குச் சொல்லட்டும் என்று விரலை வைத்தேன்.

சிவப்பு.

அவசரத்தில் சரியாக வைத்திருக்க மாட்டேன் என்று அடுத்த விரலை வைத்தேன். சிவப்பு. கையை மாற்றி வைத்தேன்.

"மீண்டும் முயற்சிக்கவும்."

பதிவுப் பெண் என் விரலையும் விளக்கில் காட்டிப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்களும் ஷெட்டுலதான் வேலை பாக்கறீங்களா?"

"நான் எதுக்கும்மா ஷெட்டுக்குப் போறேன்? வீட்லதான் இருக்கேன். இவரு கழட்டிப் போடற சட்டையத் துவைக்கறதோட சரி. அந்தக் கிரீஸ் கறை சோப்புக்குப் போகவே போகாது, அதான் கொஞ்சம் பெட்ரோல்ல ஊறப்போட்டுக் கையால..."

சொல்லிக்கொண்டே என் விரல் நுனியைப் பார்த்தேன். அதுவும் வழவழவென்று மின்னியது.

என் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன்.

அவர் சுவரை விட்டுத் திரும்பினார். கவுண்டரைப் பிடித்திருந்த பிடியை விட்டுவிட்டு, ஆடிக்கொண்டே கண்ணாடி ஓட்டைக்குக் குனிந்தார்.

"என்னை அப்புறம் பாத்துக்கலாம்மா. முதல்ல இவளுக்கு ரத்தம் எடுக்கச் சொல்லு."