வரி கட்டும் குடும்பம்

“மச்சான், உங்களுக்கு எவ்வளவுங்க மிச்சம்?”

ரத்தினசாமி இப்படிக் கேட்டபோது மணியனின் வாயில் பாதிக் கச்சாயம் இருந்தது.

விழுங்காமல் பதில் சொல்ல முடியாது. விழுங்கிவிட்டால் சொல்லியே ஆக வேண்டும். அவர் நிதானமாக மென்றார்.

மகனுக்குப் பெண் பார்க்க வந்த இடத்தில் டிவி ஓடக் கூடாதுதான். ஆனால் வெள்ளிக்கிழமை ராகு காலம் கழிந்து வந்தவர்கள், இரண்டாயிரத்து எட்டாம் வருஷத்து பட்ஜெட்டையும் உடன் அழைத்து வந்துவிட்டார்கள். முதலிபாளையத்தில் முன்னூறு மிஷின் போட்டு எக்ஸ்போர்ட் செய்கிற ரத்தினசாமி, உட்காருவதற்கு முன்பே ரிமோட்டைக் கேட்டார். பெண்ணை இன்னும் கேட்கவில்லை.

வருமான வரியைக் குறைத்துவிட்டார்களாம். டிவியின் அடியில் எழுத்து ஓடியது. ஒன்றரை லட்சம் வரை சம்பாதிப்பவனுக்கு இனி வரியே இல்லை. அவனுக்கு மிச்சம் நாலாயிரம். ஐந்து லட்சக்காரனுக்கு மிச்சம் நாற்பத்து நாலாயிரம்.

முதல் பந்திக்கு வடை பாயசம், கடைசிப் பந்திக்கு ரசம். ஊர் வழக்கம் டெல்லிக்கும் தெரிந்திருக்கிறது.

ஷெட்டிலிருந்து நாற்காலி தூக்கிவந்து போட்ட கருத்தம்மா, மணியனிடம் பனியனுக்குப் பிசிர் நூல் வெட்டுகிறவள், கதவோரம் நின்று கேட்டாள்.

“எங்களுக்கு என்ன கொறச்சிருக்காக மொதலாளி?”

“கட்டாத வரிய எப்படிக் கொறைக்கறது கண்ணு?” என்று ரத்தினசாமி சிரித்தார்.

“அப்ப அரிசி வெலயக் கொறச்சிருக்கலாம்ல.”

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். வரியும் இல்லை, பயமும் இல்லை.

மணியனுக்கு அப்படிப் போய்விட முடியாது. நல்லூரில் அவருக்கு இருந்தது எட்டு மிஷின் பவர் டேபிள். பெரிய கம்பெனிகள் வெட்டித் தருகிற துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பது. மகள் தரணிக்கு முதலில் வந்த வரன், “பவர் டேபிள்காரன் பொண்ணா?” என்ற ஒரே கேள்வியில் அவினாசி தாண்டிப் போயிற்று.

அன்றிலிருந்து கல்யாணம், காதுகுத்து, இழவு என்று எங்கே போனாலும் மணியன் ஒரு வாக்கியத்தைக் கூடவே கூட்டிப் போனார். “எங்களுது வரி கட்டற குடும்பமுங்க.”

எதிரில் இருப்பவன் பத்து ஏக்கர் தோப்பு வைத்திருந்தாலும் வாயடைத்துப் போவான். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை; பாவம், அவனால் இப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது.

அந்த வாக்கியத்தை நம்பித்தான் ரத்தினசாமியின் கார் இந்தச் சந்துக்குள் நுழைந்திருந்தது.

இப்போது நாலாயிரம் என்று சொன்னால், வரியிலிருந்தே தள்ளிவிடப்பட்ட குடும்பம் என்று ஆகும். கார் வந்த வழியே திரும்பும். உள்ளறையில் தரணி பட்டுச்சேலையோடு நின்றிருந்தாள். அவள் அம்மா முத்தாயி கதவிடுக்கு வழியாகக் கணவரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மணியன் விழுங்கினார்.

“நமக்கு அந்த நாப்பத்து நாலுதானுங்க.”

சாய்ந்திருந்த ரத்தினசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அப்பிடிச் சொல்லுங்க! நம்மூட்டுல எனக்கொரு கம்பெனி, பையனுக்கொண்ணு, ஊட்டுக்காரிக்கொண்ணு, எங்கம்மாவுக்கொண்ணு. ஆளாளுக்கு மிச்சமுங்க. இருந்தும் என்ன, டாலர் முப்பத்தொம்பது ரூவாய்க்கு எறங்கி எங்கள அழ வெச்சுட்டு இருக்குது.”

அவருடைய அம்மாவுக்கு வயது எண்பத்திரண்டு. தன் கம்பெனி எந்த வீதியில் இருக்கிறதென்று அந்த அம்மாளுக்குத் தெரியாது. ரத்தினசாமியின் அழுகிற கண்களுக்குத் தங்க விளிம்புக் கண்ணாடி பொருத்தமாக இருந்தது.

“பொண்ணு வந்ததீம் அது பேர்லயும் ஒண்ணு போட்டுக்கலாமுங்க. பொம்பளைகளுக்கு இன்னுங் கொஞ்சம் சலுகை குடுத்திருக்கறாங்க.”

அதற்கப்புறம்தான் பெண்ணைக் கூப்பிடச் சொன்னார். தரணி வந்தாள், கும்பிட்டாள். பெயரென்ன கண்ணு என்று கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. அவருக்குத் தேவையானது அது மட்டும்தான்.

கிளம்பும்போது செருப்பில் காலை நுழைத்தபடி மெதுவாகச் சொன்னார்.

“இந்த வருசத்து ரிட்டர்ன மட்டும் நம்ம ஆடிட்டர்கிட்டக் குடுத்துருங்க மச்சான். அவரு ஒரு பார்வை பாத்ததீம் உப்பு சக்கரை மாத்தி நிச்சயம் பண்ணிக்கலாம்.”

“அதுக்கென்னுங்க,” என்றார் மணியன்.

கார் சந்து முனையில் திரும்பியதும் தன் ஆடிட்டருக்குப் போன் போட்டார். ஆடிட்டர் உற்சாகமாக இருந்தார்.

“கேட்டீங்களா அண்ணா? ஒன்றரை லட்சம் வரைக்கும் தள்ளிட்டாங்க. இனி உங்களுக்கு என்கிட்ட வேலையே இல்லீங்க.”

“அஞ்சு லட்சம்னு போடுங்க.”

“எதைங்க?”

“என்ற வருமானத்தைங்க. இந்த வருசத்துக்கு.”



“அண்ணா, நெசமா உங்களுக்கு வர்றது தொண்ணூறாயிரம். மூணு வருசமா, சம்பாதிக்காத காசையும் சேத்துக் காட்டி, ஐநூறு ஆயிரம்னு வரி கட்டீட்டு இருக்கறீங்க. சொன்னாக் கேக்க மாட்டேங்கறீங்கன்னு நானும் எழுதிக் குடுத்தேன். இது அஞ்சு லட்சமுங்க! கொறச்சதெல்லாம் ஏப்ரலுக்கு மேல வர்ற வருமானத்துக்குத்தான். இந்த வருசத்துக்குப் பழைய கணக்கு. லட்ச ரூபா வரி வரும்.”

“எட்டு மிஷின்ல நாலை வித்தா ஆச்சு.”

“காலையில இருந்து போன் ஓயலீங்க அண்ணா. எல்லாரும் வருமானத்தக் கொறச்சுக் காட்டச் சொல்லித்தான் கேக்கறாங்க.”

மணியன் தோளிலிருந்த துண்டை எடுத்து உதறி, மடிப்புக் கலையாமல் மறுபடியும் போட்டுக்கொண்டார். போனில் அது தெரியாது. இருந்தாலும் போட்டுக்கொண்டார்.

“அவங்க பையனப் பெத்தவங்களா இருப்பாங்க,” என்றார்.