மாதிரித் துண்டு

"பட்டையைக் கழட்டு, டாக்டர் பார்க்கட்டும்" என்றார் கணவர்.

தையல்காரி மணிக்கட்டில் கட்டியிருந்த பஞ்சுப்பட்டையை மெல்ல அவிழ்த்தாள். ஊசி குத்தி வைப்பதற்கென்று கட்டியதுதான். ஆனால் பல வருடமாக மணிக்கட்டில் இருந்த ஒரு திட்டை மறைக்கிற வேலையையும் அதுவே பார்த்துக்கொண்டிருந்தது.

"நேத்து ஒரு பொண்ணுக்கு அளவெடுக்கிறப்போ பட்டை நகர்ந்து திட்டு தெரிஞ்சிருச்சு டாக்டர். 'ஐயையோ, தொட்டா ஒட்டிக்குமா?'ன்னு துணியைச் சுருட்டிக்கிட்டு ஓடிட்டா. இவ அழுதிருந்தாக்கூடப் பரவாயில்ல. நேரா மெஷின்ல போய் உக்காந்துட்டா" என்றார் கணவர்.

"வெண்புள்ளி தொட்டா ஒட்டாதுங்க. நிறம் குடுக்கிற செல்லை உடம்பே அழிச்சிடுது, அவ்வளவுதான்" என்றார் டாக்டரம்மா. சொல்லிச் சொல்லி அவருக்கும் வாய் வலித்திருக்கும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

தையல்காரி எதையும் காதில் வாங்கவில்லை. அவளுக்கு மனசு மரத்துப்போய் வெகு நாளாகிவிட்டது. தினமும் கடையைத் திறந்ததும் பட்டையை விலக்கி அந்தத் திட்டை ஒருமுறை பார்ப்பாள். பிறகு வெட்டுகிற ஒவ்வொரு துணியிலும் ஒரு சின்னத் துண்டைப் பத்திரப்படுத்துவாள். நாளைக்கே கிழிந்து வந்தால் நூல் எடுக்க நிறம் தெரிய வேண்டுமே!

டாக்டரம்மா லென்ஸை வைத்துப் பார்த்தார். "முன்னாடி ரெண்டு விரல் அகலம் இருந்துச்சு. இப்ப சட்டைப் பொத்தான் அளவுதான்."

"பார்த்தியா, தானாவே போகுது!" கணவர் முகம் மலர்ந்தது.

"க்ரீம் இருக்கு. பூசினா அந்த மிச்சமும் போயிடும்." டாக்டரம்மா அவளைப் பார்த்தே பேசினார். "ஆனா போனா போனதுதான். திரும்பி வராது. யோசிச்சுச் சொல்லும்மா."

"திரும்பி வந்து யாருக்கு வேணும்?" கணவர் முந்திக்கொண்டார். "எழுதுங்க டாக்டர். கை முழுக்க ஒரே மாதிரி ஆயிட்டா ஒருத்தனும் வாய் திறக்க மாட்டான்."

நல்ல மனிதர்தான். மனைவி தலைகுனிந்து நிற்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை அவருக்கு.

டாக்டரம்மா தயக்கத்தோடு பேனாவைத் திறந்தார். மரத்துக் கிடந்த மனசில் அப்போதுதான் எங்கோ சுருக்கென்றது. தையல்காரி மணிக்கட்டை இன்னொரு கையால் இறுகப் பொத்திக்கொண்டாள். உள்ளே வந்ததிலிருந்து முதன்முறையாக வாய் திறந்தாள்.

"உடம்பு பூரா வெளுத்தாச்சு. என் கறுப்புல மிச்சம் இது ஒண்ணுதான் டாக்டர், மாதிரிக்கு இருக்கட்டும்."