கம்பெனிக் கலர்

“பையன் வர்றப்போ வண்டி அப்படியே இருக்கணும், குப்புராஜ். இதே பச்சை. ஒரு மாத்தமும் கூடாது” என்றார் வைத்தீஸ்வரன்.

அஸ்தினாபுரத்தில் குப்புராஜின் மெக்கானிக் ஷெட் நடுவே வைத்தீஸ்வரனின் பழைய ஹெரால்டு கார் நின்றிருந்தது. நின்றிருந்தது என்று ஒரு மரியாதைக்குச் சொல்லலாம். கயிறு கட்டி இழுத்து வந்து போட்டிருந்தார்கள். காலனியே மாருதிக்கு மாறிவிட்ட பிறகும் இந்த மனிதர் இதைக் கட்டிக்கொண்டு அழுதார். இந்த வருஷ மழையில் வாசலில் தண்ணீர் தேங்கி, காரின் அடித்தகடு முழுக்கத் துருப்பிடித்திருந்தது.

“எப்போ வோணும் சார்?”

“காணும் பொங்கலுக்கு. காலையிலேயே வேணும்.”

“புள்ள ஃபாரின்ல கீறாரா?”

வைத்தீஸ்வரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எங்கேயோ இருக்கான்ப்பா.”

பெற்றவர்களை மறந்துவிட்டு எங்கேயோ சொகுசாக இருக்கிற பிள்ளை என்று குப்புராஜ் முடிவு கட்டிவிட்டார். அந்த மாதிரி நாலு பேரை அவருக்குத் தெரியும். முகம் தெரியாத அந்தப் பையன்மேல் அவருக்குக் கோபம் கோபமாக வந்தது.

வைத்தீஸ்வரனின் மனைவி திரிபுரசுந்தரி இரண்டு நாளைக்கு ஒருமுறை பஸ் பிடித்து வந்து வேலையைப் பார்த்துவிட்டுப் போவார். ஒருநாள் குப்புராஜ் கேட்டார்.

“அம்மா, புள்ள வந்தா அவருதான ஓட்டுவாரு? எவ்ளோ உயரம் இருப்பாரு? சீட்டை அதுக்கேத்தாப்ல தள்ளி வெக்கிறேன்.”

திரிபுரசுந்தரி தன் தோளுக்கு நேரே கையை வைத்துப் பார்த்தார், பிறகு இன்னும் கொஞ்சம் உயர்த்தினார். “தெரியலையேப்பா. என் உயரத்துக்கு வந்திருப்பானோ என்னவோ.”

பெற்ற தாய்க்கே பிள்ளையின் உயரம் தெரியவில்லை! எத்தனை வருஷமாக எட்டிப்பார்க்காமல் இருக்கிறானோ, படுபாவி. அன்று குப்புராஜுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் கதவில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தபோது பச்சைக்கு அடியில் வெண்ணெய் நிறம் தெரிந்தது. குப்புராஜின் கை நின்றுவிட்டது. அந்தக் கார் தயாரான கம்பெனியில் இருபது வயதில் பெயின்ட் அடிக்கும் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். இது கம்பெனிக் கலர். அவர் கையாலேயே அடித்ததாகக்கூட இருக்கலாம். பின்னால் வாங்கிய யாரோ ஒரு புண்ணியவான் மேலே பச்சையைப் பூசியிருக்கிறான்.

பச்சையாவது கிச்சையாவது என்று நினைத்தார் குப்புராஜ். வருகிற பிள்ளை இதைப் பார்த்து வாயைப் பிளக்க வேண்டும். அம்மாவும் அப்பாவும் வண்டியையே இப்படிப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார்களே, நாம் அவர்களை எப்படி வைத்தோம் என்று கூனிக்குறுக வேண்டும்.

“பெயின்ட் நெடி தாங்காதும்மா. இனிமே மாட்டுப் பொங்கலுக்கு வந்தா போதும்” என்று திரிபுரசுந்தரியிடம் சொல்லிவிட்டார். போகிக்கும் ஷெட்டைப் பூட்டவில்லை. பொங்கலன்று வீட்டில் பால் பொங்கியபோதும் அவர் இங்கே மெருகு போட்டுக்கொண்டிருந்தார்.

மாட்டுப் பொங்கலன்று காலையில் இருவரும் வந்தார்கள். குப்புராஜ் தார்ப்பாயை இழுத்தார்.

“பாத்துக்கோ சார்! கம்பெனிலேர்ந்து வெளிய வந்த அன்னிக்கு எப்டி இருந்துச்சோ அப்டியே கீது. உங்களுக்கோசரம் என் கையால அடிச்சது!”

வைத்தீஸ்வரன் அங்கே கிடந்த பழைய டயர்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். திரிபுரசுந்தரி காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கதவை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

“பச்சை எங்கேப்பா?”

குப்புராஜின் சிரிப்பு போய்விட்டது. “இன்னாம்மா, இதான் ஒரிஜினலு...”

“நாளைக்குள்ள மறுபடி பச்சை அடிச்சுடலாமா?” என்று கேட்டார் வைத்தீஸ்வரன்.

“காயவே ரெண்டு நாளு ஆவும் சார். இன்னா சார் இது? அத்தினி வருஷம் கழிச்சு வர்ற புள்ள கலரையா பாத்துகினு நிக்கப் போறாரு?”

“பதினோரு வருஷமா ஒவ்வொரு காணும் பொங்கலுக்கும் இந்த வண்டியை வண்டலூர் ஜூ வாசல்ல நிறுத்திட்டு உட்கார்ந்திருக்கோம்ப்பா. காலையிலேர்ந்து கூட்டம் கலையற வரைக்கும்.”

“எதுக்கு சார்?”

வைத்தீஸ்வரன் கண்ணாடியைக் கழற்றி மறுபடி துடைக்க ஆரம்பித்தார். காரின்மேல் கை வைத்தபடி திரிபுரசுந்தரிதான் சொன்னார்.

“தொலைஞ்சு போயிட்டா பச்சைக் கார்கிட்ட வந்து நில்லுன்னு குழந்தைகிட்ட சொல்லியிருந்தேன்ப்பா.”